பட்டறைத் தரையிலிருந்து விழுந்தவன்

அத்தியாயம் 6

கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால், ஆர்னி ருவோனா இருபத்திரண்டு அடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, அவன் பட்டறையின் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தான்.

“இந்தக் காலத்துல தரையெல்லாம் ரொம்ப உசரம், அம்மணி,” என்றான் ஆர்வில். “பாத்து நிக்கணும்.”

ஹில்கா நுர்மி சிரிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்காக முதலாளிகளின் சம்பளக் கணக்குகளைத் துப்பறிவது அவள் தொழில். சிரிப்பை வழக்கு முடிந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்வாள். ஆர்வில் அப்படியில்லை, அன்றாடம் செலவழிக்கிறவன். சுரங்கம் மூடி வேலை போன பிறகு ஐம்பத்தொன்பது வயதில் அவளுக்கு வண்டி ஓட்ட வந்தவன். வண்டி ஓட்டுவது, பெட்டி தூக்குவது, நக்கலடிப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் என்பது அவனுடைய நெடுநாள் குறை.

“செப்டம்பர் பன்னெண்டு, செவ்வாக்கிழமை, காலைல பத்து பத்து,” என்று ஹில்கா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “உங்க ஆள் ஆர்னி லூத்தரன் சர்ச் கூரையிலேருந்து விழுந்தார்னு ஆஸ்பத்திரி சொல்லுது. பட்டறைல தகடு வளைச்சிட்டு இருந்தார்னு உங்க மென்பொருள் சொல்லுது. எலும்பு பொய் சொல்லாது, மிஸ்டர் சாலோ.”

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரோலண்ட் சாலோ, பைன் ஹார்பரில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர். அறுபத்தாறு வயது. முகத்தில் இப்போது கோயில் உண்டியல் உடைந்ததைக் கண்டுபிடித்த தர்மகர்த்தாவின் துக்கம்.

“சுத்தி வளைக்க எனக்குத் தெரியாதும்மா. வெர்னா பண்ணின வேல. இருபத்திரெண்டு வருஷமா சம்பளக் கணக்கு அவ கையில. அவ பேர்லதான் எல்லாம் மாத்தியிருக்கு. நாலு மணிக்கு ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்க. நீங்களும் உங்க ரிப்போர்ட்ல அதையே எழுதிட்டீங்கன்னா முடிஞ்சது.”

“முடிஞ்சதுன்னா யாருக்கு?” என்றான் ஆர்வில்.

வெர்னா பெல்டோலா அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். இரண்டாம் வகுப்பில் அவன் திருடிய ஆப்பிளைத் திருப்பி வைக்கச் சொன்ன ஒரே ஜீவன். அவளையே திருடி என்கிறார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை செய்யும் இடத்தில் ஒருவனுக்கு அடிபட்டால் செலவைக் காப்பீடு ஏற்கும், அதற்கு முதலாளி பிரீமியம் கட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண். கூரை ஏறுகிறவன் என்றால் சம்பளத்தில் நூறு டாலருக்கு இருபத்தெட்டு டாலர் கட்ட வேண்டும். பட்டறையில் தகடு வளைக்கிறவனுக்கு நாலு டாலர். மேஜையில் உட்கார்ந்து பேனாவைக் கடிப்பவருக்குக் கால் டாலர்கூடக் கிடையாது, பேனா தொண்டையில் சிக்கினால்தான் ஆபத்து. ஒரே ஆள் காலையில் கூரை, மதியம் பட்டறை என்று மாறினால், சம்பள மென்பொருளில் அவன் பெயருக்கு நேரே இரண்டு எண்களும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த எண் என்பது உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். குத்துமதிப்பு செல்லாது. குத்துமதிப்பு என்று தெரிந்தால் அவன் சம்பளம் முழுக்கக் கூரைக் கணக்கில் போய் ஏறிக்கொள்ளும்.

சாலோவிடம் கூரை வேலைக்குப் பதினோரு பேர். போன வருடக் கணக்குப்படி, கூரை போட வந்த அந்தப் பதினோரு பேரும் வாரத்தில் முப்பத்திரண்டு மணி நேரம் பட்டறையில்தான் இருந்தார்கள். மிச்ச நேரம் போனால் போகிறதென்று கூரைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிரீமியம் தொண்ணூறாயிரம் டாலர் குறைந்திருந்தது.

“பட்டறையப் பாக்கலாமா?” என்றாள் ஹில்கா.

பட்டறையைக் காட்ட வந்தவன் கர்டிஸ் பிராண்ட். புது மேலாளர். கட்டம் போட்ட சட்டை, வெண்ணெய் தடவிய சிரிப்பு. கதவைத் திறந்து, ஆர்விலின் தோளில் தட்டி, ஹில்காவுக்குப் படியைக் காட்டி, மூன்று பேருக்குமாகச் சிரித்து, எல்லாவற்றையும் அவனே செய்தான்.

பட்டறை என்பது ஒரு கார் கொட்டகை. நடுவில் தகடு வளைக்கும் மெஷின் ஒன்று. சுற்றி மூன்று முக்காலிகள். மூலையில் ஏணிகளும் பனி தள்ளும் மண்வாரிகளும்.

ஹில்கா முக்காலிகளை எண்ணினாள். இரண்டாவது முறையும் எண்ணினாள்.

“பதினோரு பேர்,” என்றான் ஆர்வில். “மூணு முக்காலி. ஒருத்தர் மடியில ஒருத்தரா உக்காந்திருப்பாங்க. அதான் சாலோ கம்பெனில அவ்வளவு ஒத்துமை.”

கர்டிஸ் பெரிதாகச் சிரித்தான். “சரியாச் சொன்னீங்க சார். நானும் அந்தக் கணக்கப் பாத்து அசந்துட்டேன். வயசான பொம்பள, என்ன நினைச்சிருந்தாங்களோ, பாவம்.”

“நீங்க பாக்கவே இல்லியா, முன்னாடி?”

“நான் எங்க பாக்கறது? டிசம்பர் நாலாம் தேதிதான் விஸ்கான்சின்லேருந்து வந்து சேந்தேன். இது போன வருஷம் முழுசுக்குமான கணக்கு. யாரு எந்தக் கூரையில நின்னான், எவன் எங்க விழுந்தான், எனக்கு எப்படித் தெரியும்? அப்ப என் காலே இந்த ஊர்ல படல.”

சரியான பேச்சுதான். ஆர்விலுக்கே அதில் ஓட்டை தெரியவில்லை. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அந்தச் சட்டையை அவனுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை.

“ஆளுங்க கையால எழுதின நேர அட்டை இருக்குமே?” என்று ஹில்கா கேட்டாள். “மென்பொருள்ல வெர்னா வாரத்து மொத்த நேரத்த மட்டும்தான் ஏத்தியிருக்காங்க. நாள்வாரியா எழுதினது அந்த அட்டைலதான?”

“அத முதலாளியத்தான் கேக்கணும்.”

முதலாளியைக் கேட்டார்கள். ரோலண்ட் கூரையைப் பார்த்தார். அவர் போட்ட கூரை அல்ல அது.

“புத்தாண்டுக்கு எங்க வீட்ல சானா மூட்டுவோம், வேர்வைக் குளியல். எங்க அப்பா காலத்துலேருந்து வழக்கம், பழைய தாளெல்லாம் அந்த அடுப்புக்குத்தான்.”

“அப்ப சாட்சி மொத்தத்தையும் வச்சு வேர்த்துக் குளிச்சுட்டீங்க,” என்றான் ஆர்வில். “ஒடம்புக்கு நல்லதுதான்.”

அட்டைகள் சாம்பலான பிறகு, ஜனவரி பத்து, பதினொன்று ஆகிய இரண்டு நாட்களில், யாரோ உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் நாள்வாரியாகப் புதுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். கூரை என்று இருந்ததெல்லாம் பட்டறை ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மென்பொருள் மறக்காமல் பதிந்து வைத்திருந்தது: செய்தவர், வெர்னா.

வெர்னா பக்கத்து அறையில் ஓர் அட்டைப் பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோப்பை, கம்பளிச் செருப்பு, பேரன் வரைந்த ஏதோ ஒரு மிருகம். ஆர்விலைப் பார்த்ததும் முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீயும் வந்துட்டியா வேடிக்கை பாக்க?”

“டிக்கெட் கம்மியா இருந்துச்சு,” என்றான் ஆர்வில். பிறகு குரல் இறங்கியது. “வெர்னா, நாங்க உன்னக் கவுக்க வரல.”

ஹில்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘ரஸ்டி’.

“இது யாரு?”

“என் நாய். செத்து ஆறு வருஷமாச்சு. அதான் கடவுச்சொல்.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“தபால் கொண்டு வர்றவருக்கே தெரியும். நான் ஒரு நாள் படுத்துட்டா யாராவது சம்பளம் போடணும்ல? பதினோரு குடும்பம். அதுக்குத்தான் ஒட்டினேன். இப்படி ஆகும்னு கண்டேனா?”

“ஜனவரி பத்தும் பதினொண்ணும் எங்க இருந்தீங்க?”

“இங்கதான். முதலாளி இருந்தாரு, கர்டிஸ் இருந்தாரு. மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பிடப் போவேன். அப்புறம் பேங்க், தபால் ஆபீஸ். நான் வேற ஊர்ல இருந்தேன்னு பொய் சொல்லட்டுமா?”

“வேணாம்,” என்றாள் ஹில்கா. “மாத்தினது உங்க கண்ணுல படலியா?”

“எப்படிப் படும்? எண்ண மாத்தினா காப்பீட்டுக் கணக்குதான் மாறும். ஆளுங்க வாங்கற சம்பளம் ஒரு பைசா மாறாது. சம்பளம் கொறஞ்சா மறுநிமிஷம் பதினோரு பேரும் என் கழுத்துல நிப்பான். இதுல எவனுக்கும் ஒண்ணும் கொறையல.” பெட்டியின் மூடியை அழுத்தினாள். அது மூட மறுத்தது. “ஜெயில்ல போடுவாங்களாம்மா? எனக்கு அம்பத்தொம்பது வயசு.”

தெரியாததைச் சொல்லி ஆறுதல் தரும் பழக்கம் ஹில்காவுக்கு இல்லை. ஆர்விலுக்கு உண்டு, ஆனால் இந்த முறை அவன் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தான்.

மணி இரண்டேகால். இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு பேஸ்டியைப் பிரித்தார்கள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, கையைச் சுட்டது. வெளியே பனி ஒரு வேலையும் இல்லாதவன் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

“வெர்னா இல்ல,” என்றான் ஆர்வில். “ஆர்னி விழுந்தன்னிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டதே அவ. அவ எழுதியிருந்தா, ஊரையே பட்டறைல போட்டாலும் அந்தப் பத்து மணிய மட்டும் கூரைனுதான் எழுதியிருப்பா.”

“முதலாளிக்கும்தான் அது தெரியும். ஆம்புலன்ஸ்ல கூடவே போனவர்.”

“அப்ப அவரும் இல்ல.”

“இல்ல, கவனக்குறைவுன்னு வக்கீல் சொல்லுவார். ஐம்பத்திரெண்டு வாரம் எழுதறப்ப ஒரு வரி தப்பிப் போகும். அது சந்தேகம், ஆர்வில். சாட்சி இல்ல.”

“கர்டிஸுக்கு ஆர்னி விழுந்த தேதி தெரியாது.”

“அப்ப நான் ஊர்லயே இல்லேன்னு சொல்லுவார். உண்மையும் அதான்.” ஹில்கா பேஸ்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அச்சடித்த தாள்களைப் புரட்டினாள். “எல்லா வாரமும் நாப்பத்தி நாலு மணி நேரம். திங்கள்லேருந்து வெள்ளி எட்டு எட்டு, சனிக்கிழமை அரை நாள் நாலு. ஒழுங்கான ஆளு எழுதின மாதிரி இருக்கு. ஒரே ஒரு வாரம் மட்டும் மொத்தம் நாப்பது. நவம்பர் நடுவுல.”

“ஆமா, இருக்கும்.”

ஹில்கா மெல்லுவதை நிறுத்தினாள். “ஏன் இருக்கும்?”

“கடவுளே, நீங்க எந்த ஊரு?”

“நான் பிறந்தது டெக்சாஸ்ல. அப்பா ராணுவம். ஊருக்கு வந்து ஒரு வருஷம். ஏன் இருக்கும்?”

ஆர்வில் அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தான். “நவம்பர் பதினஞ்சு மான் வேட்டை தொடக்கம். மிச்சிகன் முழுக்க. எந்தக் கிழமையா இருந்தாலும் பதினஞ்சுதான். பள்ளிக்கூடம் லீவு, பேங்க்ல ஈ ஓட்டுவாங்க. பாதிரியாரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டு மரத்து மேல உக்காந்திருப்பார். கல்யாண நாள மறந்தவன் இந்த ஊர்ல இருக்கான், பதினஞ்ச மறந்தவன் கிடையாது.”

“போன வருஷம் பதினஞ்சு புதன்கிழமை.”

“புதனே. அன்னிக்கு எவனும் வேலைக்கு வரல. கூலியும் கிடையாது. அதுக்கு ஈடா சனிக்கிழமை அரை நாளுக்குப் பதிலா முழு நாள். பள்ளிக்கூடத்துக் கூரை போட்டாங்க, நான் கீழ நின்னு கிண்டல் பண்ணிட்டிருந்தேன். கணக்கு போட்டுப் பாருங்க. நாலு நாள் எட்டு எட்டு, சனி எட்டு. நாப்பது.”

ஹில்கா ஒரு தாளை அவனிடம் நீட்டினாள். சாஸ் பட்ட விரலால் ஆர்வில் அதை வாங்கினான்.

புதன் பதினைந்து: பதினோரு பேரும் பட்டறை, எட்டு மணி நேரம். சனி பதினெட்டு: ஒருத்தரும் இல்லை. பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் யாரோ அக்கறையாக எழுதியிருந்தார்கள்: ‘மான் வேட்டை தொடக்கம்’.

ஆர்வில் வாயிலிருந்த பேஸ்டியை விழுங்க மறந்தான்.

“மொத்தம் நாப்பதுன்னு பாத்திருக்கான்,” என்றாள் ஹில்கா. “நாலு மணி நேரம் குறையுதே, ஏன்னு யோசிச்சிருக்கான். ஓ, சனிக்கிழமை வேட்டைக்குப் போயிருப்பாங்கன்னு முடிவு பண்ணி, அழகா ஒரு குறிப்பும் எழுதியிருக்கான். அவனுக்கே தட்டிக் கொடுத்துக்கிட்டிருப்பான்.” அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வரப் பார்த்தது. “கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இது ரெண்டு மாசம் ஓடியிருக்கு. வாங்க, ஆர்வில். எனக்கு அஞ்சு துண்டுத் தாள் வேணும்.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாகவே துணை ஷெரிஃப் வந்து, வெர்னாவின் அறைக் கதவருகே காலணிப் பனியை உதறிக்கொண்டு நின்றார். வெர்னா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோலண்ட் யார் கண்ணையும் பார்க்கவில்லை. கர்டிஸ் எல்லோருக்கும் காப்பி ஊற்றினான்.

“ஒரு சின்ன விளையாட்டு,” என்றாள் ஹில்கா. “எல்லாருக்கும் ஒரு தாள். போன நவம்பர்ல மான் வேட்டை என்னிக்குத் தொடங்கிச்சு? தேதி மட்டும் எழுதுங்க. பக்கத்துல பாக்கக் கூடாது. துணை ஷெரிஃப், நீங்களும்.”

“இதுக்கும் பிரீமியத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?” ரோலண்ட் எரிந்து விழுந்தார்.

“எழுதுங்க, மிஸ்டர் சாலோ. ஃபெயிலானா அடிக்க மாட்டேன்.”

எழுதினார்கள். எழுத யாருக்கும் மூன்று விநாடிக்கு மேல் பிடிக்கவில்லை. ஆர்வில் தாள்களை வாங்கிக்கொண்டு, குலுக்கல் சீட்டுக்காரன் தோரணையில் நடு அறையில் நின்றான்.

“முதலாளி ரோலண்ட் சாலோ: பதினஞ்சு. துணை ஷெரிஃப்: பதினஞ்சு, கீழ ஒரு கோடு போட்டு ‘இதுகூடவா கேப்பாங்க’. வெர்னா பெல்டோலா: பதினஞ்சு, காலை ஏழு இருபது, எட்டுக் கிளைக் கொம்பு மான். சுட்டியா? சொல்லவே இல்ல. அடியேன் ஆர்வில்: பதினஞ்சு.” கடைசித் தாளைத் திருப்பினான். “கர்டிஸ் பிராண்ட்: பதினெட்டு, சனிக்கிழமை.”

துணை ஷெரிஃப் கதவை விட்டு உள்ளே வந்தார்.

“ஏன், அதான?” என்றான் கர்டிஸ். “நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. எப்பவும் அப்படித்தானே.”

“அது விஸ்கான்சின் மாநிலத்துல,” என்றார் துணை ஷெரிஃப் மெதுவாக.

“உங்க ஊர்ல சரி,” என்றாள் ஹில்கா. “இந்த ஊர்ல அது சாதா சனிக்கிழமை. அன்னிக்குப் பதினோரு பேரும் பள்ளிக்கூடத்துக் கூரை மேல இருந்தாங்க. ஊரே பாத்துச்சு. கணக்குல அன்னிக்கு வேட்டைன்னு எழுதியிருக்கு. புதன்கிழமை ஒரு ஈ காக்கா வேலை செய்யல. கணக்குல பதினோரு பேரும் மூணு முக்காலில உக்காந்திருக்காங்க.”

கர்டிஸின் சிரிப்பிலிருந்து வெண்ணெய் உருக ஆரம்பித்தது. “தேதி தெரியலேன்னா குத்தமா? நான்தான் சொன்னேனே, அப்ப நான் இந்த ஊர்லயே இல்ல!”

“அதான் மிஸ்டர் பிராண்ட். நானும் அதையேதான் சொல்றேன். இத எழுதினவனும் அப்ப இந்த ஊர்ல இல்ல.”

ஆர்விலுக்கு அந்த நிமிடம் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து அந்த ஆள் கவசமாகக் கட்டிக்கொண்டு திரிந்ததை, அவள் அப்படியே கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

கர்டிஸ் ரோலண்டின் பக்கம் திரும்பினான். சட்டை மட்டும்தான் பழைய கர்டிஸாக இருந்தது. “சொல்லுங்க சார். நீங்கதானே பிரீமியத்தக் குறைக்கச் சொன்னீங்க? குறைஞ்சதுல பத்துல ஒரு பங்கு தரேன்னீங்க. எப்படிக் குறைச்சேன்னு எனக்குச் சொல்லாதே, குறைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ரோலண்ட் மறுக்கவில்லை. கர்டிஸ் ஊற்றிய காப்பியைத் தள்ளி வைத்தார்.

“வாங்க தம்பி,” என்றார் துணை ஷெரிஃப், கர்டிஸிடம். “ஆபீஸ்ல உக்காந்து பேசுவோம். அங்க நாலு நாற்காலி இருக்கு.”

இருவரும் போனார்கள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஹில்கா தன் பையில் தாள்களை அடுக்கினாள்.

“உங்களுக்குத் தனி ரிப்போர்ட் வரும், மிஸ்டர் சாலோ. கண்ண மூடிக்கிட்டதுக்கும் ஒரு விலை உண்டு. இப்போதைக்கு, போன வருஷச் சம்பளம் முழுசும் கூரைக் கணக்கு. தொண்ணூறாயிரம் திரும்பக் கட்டணும்.”

“கட்டறேன்,” என்றார் ரோலண்ட். அந்தக் குரலை ஆர்வில் அதுவரை கேட்டதில்லை. கிழவருக்குத் திடீரென்று வயது கூடிவிட்டது.

வெர்னா பெட்டியைத் தரையில் வைத்தாள். எழுந்து வந்து, தன் நாற்காலிக்கு முன் நின்றாள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றாள். “பதினோரு பேருக்குச் சம்பளம் போகணும். நீங்க பேர் படிங்க, நான் எண்ணப் போடறேன். எந்த ஆளு எங்க வேலை செஞ்சான்னு உங்க வாயாலயே சொல்லுங்க.”

ஊரில் யாரும் ரோலண்ட் சாலோவுக்கு உத்தரவு போட்டதில்லை. அவர் பட்டறையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்து வந்து போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆண்டர்சன்.”

“எங்க?”

“கூரை. பனி தள்ளினான்.”

அவள் தட்டினாள். “அடுத்து.”

“போவர்ஸ். கூரை. ஹில். கூரை. புதன் மட்டும் பட்டறை, மூணு மணி நேரம். அது நெசம்மா.”

“நெசம்னா போடறேன்.”

ஒவ்வொரு ‘கூரை’க்கும் ஒரு தட்டல், ஒவ்வொரு தட்டலும் ரோலண்டின் பணம். ஆர்வில் இதைவிட நல்ல கச்சேரி கேட்டதில்லை. ஆனால் வெர்னாவின் முகத்தைப் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அழுதுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள், ஒரு எண்கூடத் தப்பாமல்.

பதினோரு பெயரும் முடிந்தன. ரோலண்ட் அடுத்த பெயருக்கு வந்து நின்றார்.

“பெல்டோலா, வெர்னா,” என்று படித்தார். மேலே படிக்க முடியவில்லை. அந்தப் பெயருக்கு நேரே, வேலையின் கடைசி நாள் என்ற கட்டத்தில், இன்றைய தேதி இருந்தது. காலையில் கர்டிஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அவரே தன் விரலால் போட்டது.

வெர்னா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இத எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது,” என்றார் ரோலண்ட்.

“எனக்குத் தெரியும். ஆனா காலைல நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கணும். இருபத்திரெண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு கேள்வி. மெஷினக் கேட்டீங்க, அவனக் கேட்டீங்க, ஷெரிஃபக் கேட்டீங்க. முதல்ல அதக் கேளுங்க.”

ரோலண்ட் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“வெர்னா,” என்றார். “நீ செஞ்சியா?”

“இல்ல,” என்றாள் வெர்னா.

பிறகு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள்.